ஆதி பௌத்தம்: தோற்றம், சாரம், எல்லை

(கட்சிக் கல்வி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புத்தரைப் பற்றிய பேச்சு எழும்போது நமது அணிகளிடையே இரண்டு விதமான மனப்போக்குகள் தென்படுகின்றன. பௌத்தமும் ஒரு மதம்தானே, மதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதைச் சொல்லியாகிவிட்டது, இதில் தனியாக ஆராய என்ன இருக்கிறது என்று கருதுவோர் ஒரு சாரார். புத்தர் வேள்வியை எதிர்த்தார், வருணத்தை மறுத்தார், படைப்புக் கடவுளை ஏற்கவில்லை. ஆகவே அவர் 2,500 ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிய பொதுவுடைமையாளர் என்று கொண்டாடுவோர் மற்றொரு சாரார். முதல் போக்கு வரலாற்றைப் படிக்க மறுக்கிறது. இரண்டாவது போக்கு வரலாற்றை நமது விருப்பத்திற்கேற்ப வளைக்கிறது.

ஒரு சிந்தனை எந்தச் சமூக நிலைமையில் தோன்றியது, அது எந்தக் கேள்விகளுக்கு விடை தேடியது, எந்தக் கேள்வியின் முன் தயங்கி நின்றது என்று கேட்பதே நமது அணுகுமுறை. ஆதி பௌத்தத்தை இந்த மூன்று கேள்விகளைக் கொண்டு பார்ப்போம்.

தொடங்குமுன் சான்றுகளைப் பற்றி ஒரு சொல். புத்தரின் போதனைகள் பல தலைமுறைகள் வாய்மொழியாகவே காக்கப்பட்டன. பாலி மொழித் திரிபிடகம் எழுத்து வடிவம் பெற்றது கி.மு. முதல் நூற்றாண்டில், இலங்கையில். எனவே அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் புத்தரின் வாய்ச்சொல் என்று கொள்ள இயலாது. ஆனால் அந்நூல்களில் காணப்படும் சமூகம் வட இந்தியாவின் கங்கைச் சமவெளியில் வாழ்ந்த உண்மையான சமூகம். உழவனும் வணிகனும் அடிமையும் அரசனும் அங்கே தத்தம் குரலில் பேசுகிறார்கள்.

கங்கைச் சமவெளியில் நிகழ்ந்த மாற்றம்

மரபுக் கணக்கின்படி புத்தரின் காலம் கி.மு. 563 முதல் 483 வரை. அவரது மறைவு கி.மு. 400ஐ ஒட்டி நிகழ்ந்திருக்க வேண்டும் என்று இன்றைய ஆய்வாளர்கள் பலர் கருதுகின்றனர். எந்தக் கணக்கை ஏற்றாலும், அது வட இந்தியச் சமூகம் அடியோடு புரண்டு படுத்த காலம்.

இரும்புக் கோடரியும் இரும்புக் கொழுவும் பரவின. இன்றைய கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் அடர்ந்திருந்த காடுகள் திருத்தப்பட்டு நெல் வயல்கள் ஆயின. உழைப்பவன் உண்டதுபோக எஞ்சிய உபரி பெருகியது. உபரியை உண்டு வாழும் நகரங்கள் எழுந்தன: ராஜகிருகம், சிராவஸ்தி, கோசாம்பி, வாரணாசி, சம்பா, சாகேதம். முத்திரை குத்திய வெள்ளி நாணயங்கள் கைமாறின. ‘சேட்டி’ எனப்பட்ட பெருவணிகரும், ‘கஹபதி’ எனப்பட்ட நிலமுடைய குடும்பத் தலைவரும் செல்வாக்குப் பெற்றனர். மறுபுறம் ‘தாசர்’, ‘கம்மகரர்’ என்ற இரு சொற்கள் பாலி நூல்களில் இணைந்தே வருகின்றன. முன்னது அடிமைகளையும் பின்னது கூலிக்கு உழைப்போரையும் குறிக்கும்.

அரசியலிலும் இதே கொந்தளிப்பு. அங்குத்தர நிகாயம் 16 மகாஜனபதங்களைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் மகதமும் கோசலமும் நிலையான படையும் வரிவசூல் இயந்திரமும் கொண்ட முடியரசுகளாக வளர்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒட்டி வஜ்ஜியர், மல்லர், சாக்கியர், கோலியர் போன்றோரின் ‘கண சங்கங்கள்’ இருந்தன. அங்கே ஒற்றை மன்னன் இல்லை. குலத் தலைவர்கள் மன்றத்தில் கூடிப் பேசி முடிவெடுத்தனர். புத்தர் பிறந்த சாக்கியர் கணம் அத்தகையது. அசோகர் தமது ஆட்சியின் 20ஆம் ஆண்டில் லும்பினிக்கு வந்து, புத்தர் பிறந்த இடம் இது என்று தூணில் பொறித்து, அவ்வூரின் விளைச்சல் வரியை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார். அந்தத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

கண சங்கங்களைப் பொற்காலமாகக் கருதிவிடக் கூடாது. மன்றத்தில் அமர்ந்தவர்கள் சத்திரியக் குலத்தவர். நிலத்தில் உழைத்தவர்கள் தாசரும் கம்மகரரும். குலச் செருக்குக்கும் குறைவில்லை. கோசல மன்னன் பசேனதி சாக்கியரிடம் பெண் கேட்டபோது, அவர்கள் ஓர் அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளைக் குலமகள் என்று சொல்லி அனுப்பினர் என்று பௌத்த உரை மரபு கூறுகிறது. அவளுக்குப் பிறந்த விடூடபன், தாய்வழி உறவினரிடம் அவமதிக்கப்பட்டு, அரியணை ஏறியதும் சாக்கியரைக் கொன்று குவித்தான். கதையின் நுணுக்கங்கள் எவ்வாறாயினும் விளைவில் ஐயமில்லை. சாக்கியர் கணம் கோசலத்தால் விழுங்கப்பட்டது.

வஜ்ஜியரை மகதம் குறிவைத்தது. மன்னன் அஜாதசத்ரு தன் அமைச்சன் வஸ்ஸகாரனைப் புத்தரிடம் அனுப்பி, இப்போரில் வெற்றி கிட்டுமா என்று அறிய முயன்றதை மகாபரிநிப்பான சுத்தம் விவரிக்கிறது. புத்தர் அமைச்சனுக்கு நேரடியாக விடை கூறவில்லை. பக்கத்திலிருந்த ஆனந்தரிடம், வஜ்ஜியர் அடிக்கடி மன்றம் கூடுகிறார்களா, ஒற்றுமையாகக் கூடி ஒற்றுமையாகக் கலைகிறார்களா, மூத்தோரை மதிக்கிறார்களா, பெண்களைப் பலவந்தமாகக் கவர்ந்து செல்லாதிருக்கிறார்களா என ஏழு கேள்விகள் கேட்டார். இவை நீடிக்கும்வரை அவர்களுக்குத் தாழ்வில்லை என்றார். அமைச்சன் வேறொரு பாடம் கற்றுத் திரும்பினான்: வஜ்ஜியரைப் போரில் வெல்ல இயலாது, பிளவுபடுத்தித்தான் வெல்ல முடியும். பிற்காலத்தில் அதுவே நடந்தது.

அமைச்சன் சென்றபின் புத்தர் பிக்குகளைக் கூட்டி, ஏறக்குறைய அதே ஏழு விதிகளைச் சங்கத்திற்கும் வகுத்தார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் இங்கே திரும்பி வருவோம்.

கேள்வி கேட்ட காலம்

பழைய குல உறவு தந்த பாதுகாப்பு உடைந்தது. புதிய அரசின் பாதுகாப்பு செல்வருக்கே கிடைத்தது. இந்த இடைவெளியில்தான் வீட்டைத் துறந்து அலைந்த சிந்தனையாளர்கள் தோன்றினர். புத்தர் அவர்களுள் ஒருவர்.

தீக நிகாயத்தின் சாமஞ்ஞபல சுத்தம் ஆறு ஆசிரியர்களைக் குறிப்பிடுகிறது. உடல் நான்கு பூதங்களால் ஆனது, இறப்புக்குப் பின் எதுவும் எஞ்சுவதில்லை என்றார் அஜித கேசகம்பளி. எல்லாம் நியதிப்படி நடக்கும், மனித முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்றார் ஆசீவகரான மக்கலி கோசாலர். நன்மை தீமை என்பதே இல்லை என்றார் பூரண கஸ்ஸபர். ஏழு மூலப்பொருள்கள் மாறாதவை என்றார் பகுத கச்சாயனர். எதையும் உறுதியாகச் சொல்ல மறுத்தார் சஞ்சயர். ஆறாமவர் நிகண்ட நாதபுத்தர், அதாவது மகாவீரர். வேதத்தின் அதிகாரம் கேள்விக்குள்ளாக்கப்பட்ட காலம் அது என்பதற்கு இந்தப் பட்டியலே சான்று.

அதே சுத்தத்தில் அஜாதசத்ரு கேட்கும் கேள்வி கவனத்திற்குரியது. சமையற்காரர், நாவிதர், பூத்தொடுப்போர், சலவைத் தொழிலாளர், நெசவாளர், குயவர், கணக்கர் என்று தொழில்களை அடுக்கி, இவர்கள் தம் உழைப்பின் பயனை இப்பிறவியிலேயே கண்ணால் காண்கிறார்கள், துறவுக்கு அப்படிக் கண்கூடான பயன் ஏதேனும் உண்டா என்று மன்னன் கேட்கிறான்.

புத்தர் அவனிடம் எதிர்க்கேள்வி கேட்கிறார். உனக்கு முன் எழுந்து, உனக்குப் பின் உறங்கி, உன் முகம் பார்த்து ஏவல் செய்யும் அடிமை ஒருவன், அரசனும் மனிதன் நானும் மனிதன் என்று எண்ணித் துறவு பூண்டால், அவனைத் திரும்பவும் ஏவலுக்கு அழைப்பாயா? மாட்டேன், எழுந்து வணங்குவேன் என்கிறான் மன்னன். அதுவே துறவின் முதற்பயன் என்கிறார் புத்தர். அடிமையும் அரசனும் ஒரே மனிதர் என்ற எண்ணம் அரசன் முன்னிலையிலேயே ஒலித்த இடம் அது.

போதனையின் சாரம்

ஞானம் பெற்றபின் புத்தர் வாரணாசிக்கு அருகில் இன்று சாரநாத் எனப்படும் இசிபத்தனத்தில் தம் பழைய தோழர்கள் ஐவருக்கு முதல் உரை நிகழ்த்தினார். புலனின்பத்தில் மூழ்குவதும் வேண்டாம், உடலை வதைப்பதும் வேண்டாம்; இரண்டுக்கும் நடுவே ஒரு வழி உண்டு என்பது அதன் தொடக்கம். அடுத்து நான்கு வாய்மைகள்: துன்பம் உண்டு, அதற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கினால் துன்பம் நீங்கும், நீக்குவதற்கு வழி உண்டு. நோய், நோய்முதல், நோய் தணிதல், மருந்து என்னும் மருத்துவ முறையைப் போன்றது இது. நற்காட்சி, நல்லெண்ணம், நல்வாய்மை, நற்செய்கை, நல்வாழ்க்கை, நன்முயற்சி, நற்கடைப்பிடி, நல்லமைதி என்னும் எட்டு உறுப்புகள் கொண்டது அந்த வழி.

இந்த நான்கினுக்கும் அடியில் ஓடுவது சார்பில் தோற்றம் என்னும் கோட்பாடு. எதுவும் தானாகத் தோன்றுவதில்லை. ஒன்று இருப்பதால் மற்றொன்று தோன்றுகிறது, அது அற்றால் இதுவும் அறும். பேதைமை தொடங்கி முதுமை, சாக்காடு வரையிலான 12 கண்ணிகள் கொண்ட சங்கிலியாக இது விளக்கப்பட்டது. தமிழில் மணிமேகலைக் காப்பியம் இதை விரிவாகப் பேசுகிறது. இந்தச் சங்கிலியில் படைத்தவனுக்கு இடமில்லை.

இதிலிருந்து பிறப்பவை இரண்டு முடிவுகள். ஒன்று, அனைத்தும் மாறிக்கொண்டேயிருக்கின்றன, நிலையானது எதுவுமில்லை. மற்றொன்று, மாறாத ஆன்மா என்பதும் இல்லை. மனிதன் என்பவன் உடல், உணர்ச்சி, புலனறிவு, மனச்செயல், நினைவோட்டம் ஆகியவற்றின் சேர்க்கை. உபநிடதங்கள் என்றும் அழியாத ஆன்மாவை நிறுவ முயன்ற அதே காலப்பகுதியில் எழுந்த மறுப்பு இது. இயக்கவியல் சிந்தனை மனித வளர்ச்சியின் உயர்ந்த கட்டத்தில்தான் சாத்தியமாகும் என்று கூறிய எங்கெல்ஸ், ‘இயற்கையின் இயக்கவியல்’ நூலில் பௌத்தர்களையும் கிரேக்கர்களையும் அதற்கு எடுத்துக்காட்டாகக் குறிப்பிட்டார்.

பயனற்ற ஊகங்களை புத்தர் ஒதுக்கினார். உலகம் முடிவுள்ளதா, முடிவற்றதா என்று கேட்ட மாலுங்கியபுத்தருக்கு நச்சு அம்பு தைத்தவனின் உவமையைக் கூறினார். அம்பை எய்தவன் எந்தக் குலத்தான், வில் எந்த மரத்தால் ஆனது என்று தெரியும்வரை அம்பைப் பிடுங்க விடமாட்டேன் என்பவன் செத்துப்போவான். காலாமர்களிடம் பேசியபோது, மரபு என்பதற்காகவோ, நூலில் இருப்பதற்காகவோ, சொல்பவர் ஆசிரியர் என்பதற்காகவோ எதையும் ஏற்க வேண்டாம் என்றார். நன்மை பயக்குமா, தீமை பயக்குமா என்று தாமே அறிந்து கொள்ளவும் தள்ளவும் சொன்னார்.

வேள்விக்கும் வருணத்துக்கும் எதிராக

கூடதந்தன் என்ற பிராமணன் 700 காளைகளையும், அதே எண்ணிக்கையில் எருதுகள், கிடாரிகள், வெள்ளாடுகள், செம்மறிக் கடாக்களையும் கம்பத்தில் கட்டி மாபெரும் வேள்விக்கு ஆயத்தமாகிறான். உழவின் உயிரே கால்நடை. புதிய வேளாண்மைக்கு வேள்வி ஒரு சுமையாகிவிட்டதை இக்காட்சி உணர்த்துகிறது. புத்தர் அவனுக்கு ஒரு பழங்கதை சொல்கிறார். கொள்ளையர் தொல்லையால் தவித்த அரசனுக்குப் புரோகிதன் கூறும் அறிவுரை அது. கொலையாலும் சிறையாலும் கொள்ளையை ஒழிக்க முடியாது. உழவனுக்கு விதையும் தீவனமும் கொடு, வணிகனுக்கு முதல் கொடு, அரசுப் பணியாளனுக்கு உணவும் ஊதியமும் கொடு, அவரவர் தொழிலில் ஈடுபடுவர், கொள்ளை ஒழியும்.

சக்கவத்தி சீகநாத சுத்தம் இன்னும் வெளிப்படையானது. இல்லாதவருக்குப் பொருள் வழங்காததால் வறுமை வளர்ந்தது. வறுமையால் திருட்டும், திருட்டால் ஆயுதமும், ஆயுதத்தால் கொலையும், கொலையால் பொய்யும் வளர்ந்தன என்று அது தொடராகக் காட்டுகிறது. குற்றத்தின் வேரைப் பொருளாதாரத்தில் கண்ட மிகப் பழைய இந்திய நூல்களுள் இவை அடங்கும்.

அக்கஞ்ஞ சுத்தம் அரசின் தோற்றத்தைப் பேசுகிறது. நெல்லைச் சேர்த்துவைக்கத் தொடங்கினர், வயலுக்கு வரப்பிட்டனர், பிறர் பங்கைத் திருடினர், தண்டிக்க ஒருவனைத் தேர்ந்தெடுத்து அவனுக்கு நெல்லில் பங்கு கொடுத்தனர். தெய்வம் அரசனை அனுப்பியது என்ற கதைக்கு இங்கே வேலையில்லை. தனியுடைமை முதலில், அரசு பின்னர் என்ற வரிசை நம்மை வியக்க வைக்கிறது.

வருணத்தைப் பற்றி அஸ்ஸலாயனன் என்ற இளம் பிராமணனுடன் நடந்த விவாதத்தில், பிராமணப் பெண்களும் மற்றப் பெண்களைப் போலவே கருவுற்று ஈன்று பாலூட்டுகிறார்களே என்று புத்தர் சுட்டுகிறார். யவனர், காம்போசர் நாடுகளில் ஆண்டான், அடிமை என்ற இரண்டே பிரிவுகள் உள்ளன, ஆண்டான் அடிமையாவதும் அடிமை ஆண்டானாவதும் அங்கே உண்டு என்கிறார். நான்கு வருணம் உலக நியதியன்று, ஒரு பகுதியின் வழக்கம் மட்டுமே என்பது இதன் பொருள்.

சங்கத்தின் உள்ளே

கண சங்கங்கள் வெளியே அழிந்துகொண்டிருந்தபோது, அவற்றின் நடைமுறையைப் புத்தர் தம் பிக்கு சங்கத்தின் உள்ளே காப்பாற்றினார். ‘சங்கம்’ என்ற பெயரே அங்கிருந்து வந்தது. தேவிபிரசாத் சட்டோபாத்யாயா தமது ‘லோகாயதம்’ நூலில் இதை விரிவாக ஆராய்ந்துள்ளார். வஜ்ஜியருக்குச் சொன்ன ஏழு விதிகள் பிக்குகளுக்கும் சொல்லப்பட்டதன் பொருள் இதுவே.

சங்கத்தில் தீர்மானம் முன்மொழியப்படும். முக்கியமான பொருளாயின் மூன்று முறை அறிவித்து எதிர்ப்பு உண்டா என்று கேட்கப்படும். கருத்து வேறுபாடு தீராவிடில் குச்சிகளை விநியோகித்து வாக்கெடுப்பு நடக்கும். கூட்டம் செல்லுபடியாகக் குறைந்தபட்ச எண்ணிக்கை வேண்டும். பிக்குவின் தனியுடைமை மூன்று ஆடை, பிச்சைப் பாத்திரம், சவரக்கத்தி, ஊசி, இடைக்கச்சை, நீர்வடிகட்டி ஆகிய எட்டுப் பொருள்களே. பொன்னையும் வெள்ளியையும் தொடக் கூடாது. மற்றவை சங்கத்தின் பொதுச் சொத்து.

சாக்கிய இளைஞர்கள் துறவு பூண வந்தபோது, தம் நாவிதன் உபாலிக்கு முதலில் துறவு தருமாறு கேட்டனர். அவனுக்குப் பின் சேர்ந்தால் தாங்கள் அவனை வணங்க நேரும், குலச் செருக்கு அடங்கும் என்பது அவர்கள் கூறிய காரணம். அந்த உபாலியே விநய விதிகளின் தலையாய அறிஞரானார். துப்புரவுத் தொழில் செய்த சுனீதர் தேரர் ஆனார். நீர் சுமந்த அடிமைப் பெண் புண்ணிகை, ஆற்றில் மூழ்கினால் பாவம் போகும் என்ற பிராமணனிடம், அப்படியானால் தவளையும் ஆமையும் அல்லவா முதலில் சொர்க்கம் போக வேண்டும் என்று வாதிட்டு வென்ற செய்தி தேரிகாதையில் உள்ளது. பெண்கள் தம் விடுதலையைத் தாமே பேசிய உலகின் மிகப் பழைய தொகுப்புகளுள் ஒன்று அது.

ஆனால் அந்தப் பெண்களுக்குச் சங்கம் எளிதில் திறக்கவில்லை. மகாபிரஜாபதி கோதமி மீண்டும் மீண்டும் மறுக்கப்பட்டு, ஆனந்தர் வாதாடிய பின்னரே எட்டு நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. 100 ஆண்டு மூத்த பிக்குணியும் அன்று சேர்ந்த பிக்குவை வணங்க வேண்டும் என்பது அவற்றுள் முதலாவது.

சங்கத்தின் வாசலில்

இனி மூன்றாவது கேள்விக்கு வருவோம். சங்கத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் யார்?

விநயபிடகத்தின் மகாவக்கம் மூன்று நிகழ்ச்சிகளைக் கூறுகிறது. எல்லைப்புறக் கலகத்தை அடக்க மகத மன்னன் பிம்பிசாரன் படையை அனுப்பினான். போர் செய்வது தீவினை என்று கருதிய வீரர்கள் சிலர் துறவு பூண்டனர். அரச வீரனுக்குத் துறவு தருபவனுக்கு என்ன தண்டனை என்று மன்னன் நீதி அதிகாரிகளைக் கேட்டான். துறவளித்த ஆசிரியரின் தலை வெட்டப்பட வேண்டும், விதி ஓதியவரின் நாக்கு பிடுங்கப்பட வேண்டும், உடனிருந்தோரின் விலாவெலும்பில் பாதி உடைக்கப்பட வேண்டும் என்றனர். மன்னன் புத்தரிடம் சென்று, சங்கத்தின் மீது நம்பிக்கையில்லாத அரசர்களும் உண்டு, சிறு காரணத்திற்கும் பிக்குகளைத் துன்புறுத்துவர் என்று பணிவாகச் சொன்னான். அரச சேவையில் இருப்பவருக்குத் துறவு தரக் கூடாது என்று விதி வந்தது.

அடுத்து, கடனாளி ஒருவன் துறவியானான். கடன் கொடுத்தவர் கண்டு பிடிக்க வந்தனர். சாக்கிய முனிவரின் பிக்குகளைத் தொடக் கூடாது என்ற அரச ஆணை தடுத்தது. மக்கள் முணுமுணுத்தனர். கடனாளிக்குத் துறவு தரக் கூடாது என்று விதி வந்தது. பின்னர் ஓர் அடிமை ஓடிவந்து துறவியானான். அதே முணுமுணுப்பு, அதே விதி. மூன்றிலும் குற்றவாளியாக்கப்பட்டவர் துறவு கொடுத்த பிக்கு.

அஜாதசத்ரு முன் நின்ற அந்த அடிமையை இப்போது நினைத்துப் பாருங்கள். அவன் பிக்குவானால் அரசனும் வணங்குவான் என்கிறது ஒரு நூல். ஆண்டான் விடுவிக்காதவரை அவன் பிக்குவாகவே முடியாது என்கிறது மற்றொரு நூல். இரண்டும் ஒரே மரபின் நூல்கள். தேரவாத நாடுகளில் இன்றும் துறவு பூணும்போது கேள்விகள் கேட்கப்படுகின்றன: நீ அடிமையல்லாதவனா? கடனற்றவனா? அரச சேவையில் இல்லாதவனா? உரியோன் முகமறியாத அடிமையும், கடன் கொடுத்தவனின் பெயரறியாத கடனாளியும் அந்தக் கேள்விகளில் இன்னும் வாசலில் நிற்கிறார்கள்.

இதைப் புத்தரின் மனச்சாட்சிக் குறைவு என்று கூறிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது வரலாற்று விளக்கம் ஆகாது. சங்கம் உழைத்து உண்ணும் அமைப்பு அன்று. பிறர் இடும் பிச்சையில் வாழும் அமைப்பு. ஜேதவனத்தை வாங்க நிலமெங்கும் காசுகளைப் பரப்பிய அனாதபிண்டிகர் பெருவணிகர். அக்காட்சி பார்ஹுத் சிற்பத்தில் உள்ளது. காவல் தந்தவர்கள் மன்னர்கள். வட்டியும் வரியும் அடிமை உழைப்பும் எந்த வர்க்கங்களை வாழவைத்தனவோ, அவற்றின் தயவில் நின்ற சங்கம் தன் உள்ளே சமத்துவத்தைக் காக்க முடிந்தது. வெளியே உள்ள உடைமை உறவுகளைத் தொட முடியவில்லை. சிகாலோவாத சுத்தம் முதலாளியின் கடமைகளாக வலிமைக்கேற்ற வேலை, உணவும் கூலியும், நோயில் பராமரிப்பு, உரிய நேரத்தில் ஓய்வு ஆகியவற்றைச் சொல்கிறது. அக்காலத்திற்கு அது பெரிய மனிதநேயம். ஆயினும் ஆண்டான் ஆண்டானாகவே இருக்கிறான்.

கோட்பாட்டிலும் இந்த எல்லை பதிந்தது. துன்பத்தின் வேர் வேட்கை என்றால், மருந்து ஒவ்வொருவரின் மனத்திலும் இருக்கிறது. வறுமையே குற்றத்தின் வேர் என்று கண்ட கண், துன்பம் முழுவதற்கும் காரணம் தேடியபோது உள்ளே திரும்பிக்கொண்டது. ஒருவர் ஏழையாகவும் மற்றவர் செல்வராகவும் பிறப்பது ஏன் என்று சுபன் என்பவர் கேட்டதற்கு, முன்வினையே காரணம் என்ற விடை மஜ்ஜிம நிகாயத்தில் உள்ளது. ஆன்மாவை வெளியேற்றிய போதனை, வினையையும் மறுபிறப்பையும் உள்ளே வைத்துக்கொண்டது. பின்னாளில் விகாரைகளே நிலவுடைமையாளர்கள் ஆயின. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் சாதவாகன மன்னர்கள் பிக்குகளுக்கு நிலம் வழங்கிய செய்தியை நாசிக், கார்லே குகைக் கல்வெட்டுகள் கூறுகின்றன.

நமக்கு விட்டுச்சென்ற வேலை

அம்பேத்கர் இந்தச் சிக்கலை நன்கு அறிந்திருந்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பல இலட்சம் மக்களுடன் பௌத்தம் தழுவிய அவர், ‘புத்தரும் அவரது தம்மமும்’ நூலின் முன்னுரையில், நான்கு வாய்மைகள் புத்தரின் மூல போதனைதானா என்றே கேள்வி எழுப்பினார். ‘புத்தரா, கார்ல் மார்க்ஸா’ என்ற கட்டுரையில், துன்பம் என்ற சொல்லைச் சுரண்டல் என்று பொருள்கொண்டால் புத்தர் மார்க்சிடமிருந்து வெகு தொலைவில் இல்லை என்றார். பலாத்காரம் பற்றியும் சர்வாதிகாரம் பற்றியும் மார்க்சியர்கள் மீது அதே கட்டுரையில் அவர் வைத்த விமர்சனத்தையும் நாம் படித்து விவாதிக்க வேண்டும். மனமாற்றம் இன்றி அமைப்பு மாற்றம் நிலைக்காது என்ற அவரது கவலையை 20ஆம் நூற்றாண்டின் அனுபவத்திற்குப் பிறகு யாரும் அலட்சியமாகத் தள்ள முடியாது.

நமது இயக்கத்தின் முன்னோடிகள் பலர் இந்தப் பாதை வழியாகவே வந்தவர்கள். 1923இல் சென்னையில் மே தினம் கொண்டாடி, 1925இல் கான்பூர் கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய சிங்காரவேலர், அதற்கு முன் மகாபோதி சங்கப் பணிகளில் ஈடுபட்டவர். ‘வால்காவிலிருந்து கங்கை வரை’ தந்த ராகுல சாங்கிருத்யாயன் இலங்கையில் பிக்குவாகி, பின்னர் பீகார் விவசாயிகளின் போராட்டத்தில் நின்றவர். பௌத்தத்தின் வினாக்களை அவர்கள் கைவிடவில்லை. அந்த வினாக்களுக்கு விடை மார்க்சியத்தில் இருப்பதாகக் கண்டார்கள்.

துன்பத்திற்குக் காரணம் உண்டு, காரணத்தை நீக்கலாம் என்பது புத்தர் தந்த முறை. அந்தக் காரணம் மனத்தில் மட்டும் இல்லை, உடைமை உறவில் இருக்கிறது என்பது மார்க்ஸ் தந்த அறிவு. முதலாவதை ஏற்காமல் இரண்டாவதைப் பிடித்துக்கொள்பவர், வறட்டுச் சூத்திரம் பேசுபவராகிவிடுவார்.

இறுதியாக ஒன்று. சங்கம் என்பது நாம் தினந்தோறும் உச்சரிக்கும் சொல். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. ஆனாலும் முன்பணக் கடனுக்காகச் சூளைகளில் குடும்பத்தோடு கட்டுண்டு கிடப்போர் இன்றும் இருக்கிறார்கள். கங்கைக் கரையில் அன்று வாசலில் நிறுத்தப்பட்ட அடிமையும் கடனாளியும் ஒரே உருவில் இன்று அங்கே வேலை செய்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளி, துப்புரவுத் தொழிலாளி, வேற்று மாநிலத்திலிருந்து வந்த தொழிலாளி ஆகியோர் எத்தனை ஆலைகளில் நமது சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறார்கள்? நிரந்தரத் தொழிலாளரின் சந்தாவில் இயங்கும் சங்கம், அவர்களுக்கு வெளியே நிற்பவரைப் பற்றி எத்தனை கூட்டங்களில் தீர்மானம் போட்டிருக்கிறது? பிச்சையிட்டவரின் முணுமுணுப்புக்குப் பணிந்து விதி எழுதிய பிக்குகளை விமர்சிக்கும் நாம், இந்தக் கேள்விகளை நமது கிளைக் கூட்டங்களில் எழுப்பிக்கொள்ள வேண்டும். அங்கே திறக்கப்படாத வாசலை இங்கே திறப்பது நமது வேலை.